ஏழு வருடமாக நிற்கும் பஜேரோவை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: அப்பா 2006-இல் வாங்கிய மிட்சுபிஷி பஜேரோ எஸ்எஃப்எக்ஸ், அவர் காலமானதிலிருந்து பெங்களூர் பானஸ்வாடியில் உங்கள் அடுக்ககத்தின் பேஸ்மென்ட்டில் ஏழு வருடமாக அசையாமல் நிற்கிறது. சனி, ஞாயிறுகளில் நீங்களே வேலை பார்த்து அதை ஓடவைக்க முடியுமா, எவ்வளவு செலவாகும் என்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த வண்டியில் பணமும் நேரமும் போடலாமா, இல்லை மனதைக் கல்லாக்கிக்கொண்டு பழைய இரும்புக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெங்களூரில் டீசல் வண்டிப் பட்டறையில் பல வருடமாக இருக்கிறேன். நின்றுபோன பெரிய வண்டிகள் நிறையவே எங்களிடம் வந்திருக்கின்றன. பாதியில் கைவிடப்பட்டவற்றில் பெரும்பாலும் ஒரே கதைதான். சீட் கவர், பெயின்ட், மியூசிக் சிஸ்டம் என்று கண்ணுக்குத் தெரிவதில் முதலில் பணத்தைப் போட்டிருப்பார்கள். பிறகு வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸிலோ, இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டிலோ பெரிய செலவு கிளம்பும்போது கையில் காசும் இருக்காது, மனமும் இருக்காது. உங்கள் வண்டியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை அந்த இரண்டும்தான். இரண்டையும் அதிகம் செலவில்லாமல் நீங்களே சோதித்துவிடலாம். அதுவரை ஒரு ரூபாய்க்குக்கூட அலங்காரச் சாமான் வாங்காதீர்கள். சாவியையும் திருப்பாதீர்கள்.

முதலில் அடிப்பக்கம். பேஸ்மென்ட் தரை வாட்டமாக இருந்தால் அங்கே வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. சமதளத்துக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு கணம்கூட உள்ளே போகாதீர்கள். இரண்டு டன் எடையுள்ள வண்டி இது. சேஸிஸுக்குக் கீழே நல்ல ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகுதான் படுக்க வேண்டும். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், தலையில் கட்டும் விளக்கு போதும். சேஸிஸைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும். துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும், அப்பளம் உடைவதுபோல அடுக்கடுக்காக உதிரும். அங்கே ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், பின் சஸ்பென்ஷன் கைகள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகள், பாடி சேஸிஸில் உட்காரும் ரப்பர் புஷ்களின் சுற்றுப்புறம், கதவுக்கு அடியிலுள்ள ஸில், ஸ்டெப்னி தொங்கும் பின்கதவின் கீழ் விளிம்பு ஆகியவற்றைத் தவறவிடக் கூடாது. கறுப்பு ரப்பர் பெயின்ட் பூசியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பூச்சு உப்பியிருக்கும் இடத்தில் ஈரம் உள்ளே சிக்கி இரும்பைத் தின்றுகொண்டிருக்கும்.

மேல்துரு பெரிய விஷயமில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துருவை அடக்கும் திரவம் (ரஸ்ட் கன்வர்ட்டர்) அடித்து, பிரைமர் பூசினால் அடங்கிவிடும். ஸில்லில் ஓட்டை என்றால் வெட்டி வெல்டிங் செய்யலாம். அதை நல்ல டிங்கரிங் ஆளிடம் கொடுங்கள். ஆனால் சேஸிஸின் பெட்டிப் பகுதியிலோ சஸ்பென்ஷன் பிராக்கெட்டிலோ ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் நிதானமாக யோசிக்க வேண்டும். தகடு வைத்து ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் குடும்பத்தோடு போகும் வண்டியில் அந்த ஒட்டுவேலையை நான் ஏற்பதில்லை. வண்டி முழுக்கப் பெங்களூரிலேயே ஓடியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், உப்புக்காற்று இல்லாத ஊர் இது. இதே வண்டி சென்னையிலோ மங்களூரிலோ நின்றிருந்தால் இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் மழையில் நகரின் பல பேஸ்மென்ட்டுகளில் தண்ணீர் நின்றது. உங்கள் கட்டடத்திலும் நின்றதா? காவலாளியைக் கேளுங்கள், சுவரில் கறைக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரம் மூழ்கும் அளவுக்கு நின்றிருந்தால் முன் பின் அச்சுகளின் இரண்டு டிஃபரன்ஷியலிலும் கியர் பாக்ஸிலும், அந்த அச்சுகளுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் தண்ணீர் புகுந்திருக்கலாம். ஆயிலை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர்தான். எப்படியும் அந்த ஆயில் எல்லாவற்றையும் மாற்றத்தான் போகிறோம். இறக்கும் பிளக்கை அவிழ்ப்பதற்கு முன்னால் ஊற்றும் பிளக் அவிழ்கிறதா என்று பாருங்கள். முழுக்க இறக்கிவிட்டு, ஊற்ற வழியில்லாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

இனி இன்ஜின். உங்கள் வண்டியில் இருப்பது 4எம்40, 2,835 சிசி டர்போ டீசல். இந்தியாவில் இந்த வண்டியைத் திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் பூட்டினார்கள். நம்ம ஊர்க் கைகள் கோத்த வண்டி என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் 'பெல்ட் அறுந்து வால்வு வளையும்' என்ற பயம் வேண்டாம். டீசல் பம்பும் மெக்கானிக்கல் வகை. வீட்டில் வேலை பார்க்கிறவருக்கு இது பெரிய வசதி, லேப்டாப் இல்லாமலேயே முக்கால்வாசிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு பானெட்டைத் திறங்கள். மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட்டில் நின்ற வண்டியில் எலி இல்லாமல் இருக்காது, எலி மூத்திரத்திலிருந்து எலிக்காய்ச்சல் வரும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்களிடம் வந்த ஒரு வண்டியில் அந்தப் பெட்டி முழுக்கச் சீட்டிலிருந்து பிடுங்கிய பஞ்சும் தேங்காய் நாரும் நெருக்கி அடைத்திருந்தது, நடுவில் குட்டிகள் கிடந்த குழிவு. அப்படியே செல்ஃப் அடித்திருந்தால் அதில் பாதி டர்போவுக்குள் போயிருக்கும். ஒயரிங் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரியும் ஒயர், அடியில் செம்பு தெரியக் கடிபட்டிருக்கும்.

பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிய ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். இந்த முதல் ஆயில் கழுவுவதற்கு மட்டும்தான், சில மணி நேரம் ஓடியதும் மறுபடி மாற்ற வேண்டும், எனவே விலை உயர்ந்தது தேவையில்லை. ஹீட்டர் பிளக்குகளுக்குத் துருநீக்கி ஸ்பிரே அடித்துச் சில நாள் ஊறவிடுங்கள். சுலபமாகக் கழன்றால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சமாக இன்ஜின் ஆயில் விட்டு ஒருநாள் விடலாம். கழலவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள். முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். பின்னால் இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். டீசல் இன்ஜின் என்பதால் கனமாகத்தான் இருக்கும். கனம் ஏறி இறங்கினால் அது கம்ப்ரஷன், பயமில்லை. ஒரே இடத்தில் முட்டி நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் செய்ய வேண்டியதை நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

டேங்கில் இருக்கும் ஏழு வருட டீசலை நம்பவே வேண்டாம். அடியில் தண்ணீர் தேங்கி, அதில் கறுப்பாகக் கசடு வளர்ந்திருக்கும். டேங்கை இறக்கிக் கழுவும்வரை, பம்புக்கு வரும் குழாயையும் திரும்பிப் போகும் குழாயையும் ஒரு கேன் புது டீசலில் விட்டுவிடுங்கள். புது ஃபில்டர் போட்டு, அதன் மேலுள்ள கைப் பம்பை அழுத்தி ஏர் எடுங்கள். இன்ஜினின் டீசல் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், காய்ந்த நிலையில் சுற்றினால் தேயும். அப்புறம் டீசல் பம்பில் டீசலைத் திறந்து மூடும் கட்-ஆஃப் சோலனாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, நல்ல பேட்டரி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். டீசல் போகாததால் இன்ஜின் பிடிக்காது, ஆயில் பம்ப் மட்டும் வேலை செய்யும். பத்து நொடி அடித்து ஒரு நிமிடம் விடுங்கள். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும்வரை இப்படியே செய்யுங்கள். அது அணைந்த பிறகுதான் சோலனாய்டு ஒயரை மாட்ட வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டைப் பேஸ்மென்ட்டில் செய்யாதீர்கள், திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். புகை வெள்ளையாகக் கொட்டும், அசோசியேஷன்காரர்களும் ஓடி வருவார்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். டர்போவுக்குக் காற்று போகும் வாயை மூடுகிற அளவுக்குக் கனமான பலகை ஒன்றை உதவிக்கு நிற்பவர் கையில் கொடுத்து வையுங்கள். சாவியை அணைத்தும் இன்ஜின் நிற்காமல் வேகம் எடுத்தால் காற்றை அடைப்பதுதான் வழி. கையால் மட்டும் மூடக் கூடாது. ஸ்டார்ட் ஆன முதல் சில நொடி செயின் பக்கம் சத்தம் கேட்டு அடங்கினால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் ஏறுகிறது என்று அர்த்தம். அடங்காமல் கடகடவென்று கேட்டுக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள். டீசல் பம்பில் புதிதாகக் கசிவு தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். காய்ந்துபோன ரப்பர் சீல்கள் சுருங்கியிருக்கும், டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் சீல் கிட் போட்டுச் சரிசெய்வார்கள்.

இப்போது ஹெட். இந்த இன்ஜினின் உண்மையான பலவீனம் இதுதான். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தாலும் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட வாய்ப்பு உண்டு. நம் ஊரில் அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிடுகிறது. ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாக போர்வெல் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தைச் சொல்கிறேன். சுண்ணாம்பு படிந்து குழல்கள் அடைத்து, வண்டி கொதித்து, கடைசியில் ஹெட் போகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலால் உட்புறம் தடவிப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் தண்ணீர் சரியில்லை. பழுப்பாகக் கொழகொழவென்று வந்தால் ஆயில் கலந்திருக்கிறது, கவலைப்பட வேண்டிய விஷயம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சூடு ஏறுவதற்கு முன்பே அழுத்தம் எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீருக்குள் கசிகிறதா என்று ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவக் கருவி ஒன்று உண்டு. திரவம் நிறம் மாறினால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. இரண்டில் எது என்பது ஹெட்டை இறக்கி பிரஷர் டெஸ்ட் செய்யாமல் தெரியாது. பீன்யாவில் அதைச் செய்யும் மெஷின் ஷாப்புகள் இருக்கின்றன. 'சும்மா ஃபேஸிங் போட்டு (அடிப்பரப்பை மட்டமாகச் சீவி) கேஸ்கட் மாற்றினால் போதும்' என்று யாராவது சொன்னால், முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் கூலி கொடுப்பது வீண்.

சேஸிஸும் ஹெட்டும் தேறிவிட்டால் தைரியமாக இறங்கலாம். தண்ணீர் வழி முழுவதையும் கழுவி, தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதியாக ஊற்றுங்கள். ஃபேனின் நடுவிலுள்ள விஸ்கஸ் கப்ளிங்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நன்றாகச் சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுற்றினால் உள்ளே இருந்த சிலிகான் போய்விட்டது. அதை மாற்றாமல் கிருஷ்ணகிரி பக்கம்கூடப் போகாதீர்கள்.

வண்டி நகர ஆரம்பிப்பதற்கு முன்னால் பிரேக் தயாராக இருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், ஏழு வருடத்தில் பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். கேலிப்பர் கிட், ஹோஸ், ஆயில் மூன்றையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் இத்தனை காலம் ரப்பர் தொடாத பகுதி சொரசொரப்பாக இருக்கும், அங்கே உரசினால் சீல் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொண்டு மிதியுங்கள். டயர்களில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஐந்தையும் மாற்றுங்கள். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். இன்ஜின் சூடான பிறகு சில முறை மிதித்துவிட்டாலே பெரும்பாலும் விட்டுவிடும்.

முன் சஸ்பென்ஷனை நீங்கள் கழற்ற வேண்டாம். அதில் காயில் ஸ்பிரிங் இல்லை, முறுக்கிவைத்த டார்ஷன் பார் இருக்கிறது. அந்த முறுக்கு தெரியாமல் அவிழ்த்தால் கை எலும்பு உடையும். பந்து மூட்டுகளும் புஷ்களும் ஆடுகின்றனவா என்று சோதிக்கலாம், மாற்றும் வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சூப்பர் செலக்ட் என்ற நான்கு சக்கர இயக்கம்தான் இந்த வண்டியின் பெருமை. 4எச் நிலையில் தார் ரோட்டிலும் ஓட்டலாம், நடுவில் டிஃபரன்ஷியல் இருப்பதால் கெடாது. அந்தக் காலத்தில் வேறு பல ஜீப்புகளில் இப்படி முடியாது. ஆனால் அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடும் 4எச்எல்சி, 4எல்எல்சி நிலைகள் இரண்டையும் சேற்றிலோ மணலிலோ மட்டும் போடுங்கள். நின்ற வண்டியில் டாஷ்போர்டின் முன்சக்கர விளக்குகள் அணையாமல் மின்னிக்கொண்டே இருப்பது மிகச் சாதாரணம். உடனே 'டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு' என்று யாராவது பெரிய செலவைச் சொல்வார்கள். முன் அச்சை இணைப்பது வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில், வேலை செய்யும் ஒரு சின்ன இயக்கி. பெரும்பாலும் அதற்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது சோலனாய்டு இறுகியிருக்கும், அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸின் மேலுள்ள சின்ன ஸ்விட்ச் வேலை செய்யாது. கைவேக்குவம் பம்ப் ஒன்று வாங்கி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வீட்டிலேயே செய்து நிறைவு காணக்கூடிய வேலை இது.

ஏசி, பவர் விண்டோ, சீட், பெயின்ட் எல்லாம் இதற்கப்புறம். சீட் பெல்ட்டை மட்டும் முழுக்க இழுத்துப் பாருங்கள். எலி கடித்திருந்தாலோ பூஞ்சை ஏறி விறைத்திருந்தாலோ மாற்ற வேண்டும்.

சாமான் கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. சர்வீஸ் சாமான்களுக்கு ஜே.சி. ரோட்டில் விசாரியுங்கள், பழைய பாகங்களுக்கு சிவாஜிநகர், அதற்கும் மேலென்றால் சென்னை புதுப்பேட்டை. இதே இன்ஜின் டெலிகா வேனிலும் வந்தது. பஜேரோ வளைகுடா நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏராளமாக ஓடியதால் வெளியிலிருந்து வரவழைக்கவும் முடியும். எதையும் 'பஜேரோவுக்கு' என்று கேட்காமல், சேஸிஸ் நம்பரை வைத்துப் பாகத்தின் எண்ணைக் கண்டுபிடித்து அதைச் சொல்லிக் கேளுங்கள். உடைந்தால் கிடைக்காத பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் போன்றவற்றைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள்.

காகித வேலையை இன்றே தொடங்குங்கள், அதுதான் அதிக நாள் இழுக்கும். ஆர்சி அப்பா பெயரில் இருப்பதால் வாரிசுக்கு மாற்ற படிவம் 31 வேண்டும். 15 வருடப் பதிவு 2021-லேயே முடிந்திருக்கும், அதைப் புதுப்பிக்கப் படிவம் 25 கொடுத்து ஆர்டிஓவில் வண்டியைக் காட்ட வேண்டும். தேறினால் 5 வருடத்துக்குக் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் வந்த விதியில் 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய், அதற்குள் என்றால் 5,000 என்று இருந்தது, இப்போதைய தொகையை ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். இதோடு பசுமை வரி, எமிஷன் சர்டிஃபிகேட், இன்ஷூரன்ஸ், தாமதத்துக்கான அபராதம் எல்லாம் சேரும். நீங்கள் டெல்லியில் இருந்திருந்தால் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு உள்ள கெடுபிடியைச் சொல்லி, வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். கர்நாடகத்தில் அந்தத் தடை இல்லை.

செலவுக்கு ஒரே எண்ணாகச் சொன்னால் அது ஊகம்தான். டயர், பேட்டரி, ஆயில்கள், ஹோஸ்கள், பிரேக் கிட் ஆகியவை உறுதியான செலவு, கடைக்குப் போன் செய்து இன்றே கூட்டிவிடலாம். ஹெட்டும் சேஸிஸ் வெல்டிங்கும் சோதித்த பிறகே தெரியும். லட்ச ரூபாய்க்குள் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். டயரும் பேட்டரியுமே அதில் பாதியைத் தின்றுவிடும். வார இறுதியில் மட்டும் என்றால் ஒரு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமானுக்குக் காத்திருப்பதிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும்.

எல்லாம் முடிந்து பதிவும் கைக்கு வந்த பிறகு, முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் தகிக்கிறது என்றால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. வண்டி நின்ற இடத்தில் இரவு அட்டை விரித்து வைத்துக் காலையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் அளவையும் பாருங்கள். இந்த வாரம் அடிப்பக்கம் பார்க்கும்போது பின் அச்சுக்கு மேலுள்ள சேஸிஸ் வளைவை இரண்டு பக்கமும் தட்டி, சுரண்டி, படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு இறங்கலாமா வேண்டாமா என்று திட்டமாகச் சொல்கிறேன்.